மின்தூக்கி வாயிலில் அமர்ந்தவள்

ஒரு காலை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி, களைப்பென்பதே அறியாது ஆடும் அம்பலவாணா! நின் திருவடி தளராதது. எங்கள் முழங்கால்களோ தளர்வதற்கென்றே வந்தவை. எழுதப்போகும் இச்சில பக்கங்கள் சினத்தால் கோணாமலும் பொய்யால் மெலியாமலும் நீயே உடனிருந்து காத்தருள்க.

இன்று சித்திரைச் சதயம். அரசன் அழைத்தும் போகாத, அச்சுறுத்தியும் அஞ்சாத அடியவர் ஒருவரின் குருபூசை நாள். காலையில் கிள்ளான் சிவன் கோயிலில் பதிகம் பாடி, திருநீறு பெற்று, வீடு திரும்பி எழுத அமர்ந்திருக்கிறேன். நல்ல நாளில் தொடங்கினால் கசப்பான செய்தியும் நேராக வரும் என்பது என் நம்பிக்கை.

எழுதப்போவது எங்கள் கட்டடத்தின் மின்தூக்கியைப் பற்றியும், அதன் பொருட்டு நான் அருகிருந்து காண நேர்ந்த அரசியல்வாதிகளைப் பற்றியும். இவ்விரண்டில் மின்தூக்கியின்மீது எனக்குச் சிறிது மதிப்பு உண்டு. பழுதானதும், பழுதாகிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு அது நின்றுவிட்டது.

நாங்கள் வாழ்வது பத்து மாடிகள் கொண்ட மலிவுவிலை அடுக்குமாடியில். எங்கள் வீடு ஒன்பதாம் மாடியில். கட்டடத்திற்கு மின்தூக்கிகள் இரண்டு. ஒன்று நெடுங்காலம் முன்பே நின்றுபோனது. அதன் உறுப்புகளைக் கழற்றி மற்றதற்குப் பொருத்தி ஓட்டி வந்தார்கள். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அந்த மற்றதும் நின்றது. முறையிடப் போனோம். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அந்த அலுவலகம் கட்டட நிர்வாகக் குழுவைக் கைகாட்டியது. குழுவோ கட்டிய நிறுவனத்தைக் கைகாட்டியது. கட்டிய நிறுவனம், கைகாட்டுவதற்குக் கைகூட இல்லாமல் எப்போதோ கலைந்துபோயிருந்தது.

எஞ்சியவர் எங்கள் தொகுதியின் மக்கள் பிரதிநிதி. இந்நாட்டில் அத்தகையோரை ஒய்.பி. என்று அழைப்பது வழக்கம். மாண்புமிகு என்பது அதன் பொருள். பெயரிலேயே மாண்பு மிகுந்துவிட்டதால் நடத்தையில் அதைத் தேடும் உரிமையை நாங்கள் இழந்துவிட்டோம் போலும். அவர் சென்ற தேர்தலுக்கு முன்பு, ஒரு மின்தூக்கி இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்று, மின்தூக்கிக்கு மானியம் என்று அறிவித்து, ஆளுயர அட்டையில் அச்சிட்ட மாதிரிக் காசோலை ஒன்றை வழங்கினார். மின்தூக்கி அன்று ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த அட்டை அதற்குள் நுழைந்திராது. உண்மைக் காசோலை வரவேயில்லை. அட்டை இப்போது கீழ்த்தளத்துத் தோசைக்கடையில், காற்றடிக்கும் பக்கம் அடுப்புக்கு மறைப்பாக நிற்கிறது. அவர் செய்த பணிகளுள் மக்களுக்குப் பயன்பட்டது அஃதொன்றே.

என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. மின்தூக்கி நின்ற நாள்முதல் அவள் மண்ணை மிதிக்கவில்லை. எங்கள் நடைபாதையின் ஓரத்தில் நின்றால், இரண்டு கடைவரிசைகளுக்கு நடுவே கோயிற் கோபுரத்தின் மேற்பகுதி தெரியும். மாலைப் பூசை மணி கேட்கும்போது அங்கே நின்று கைகூப்புவாள். எதற்கும் முறையிடாதவள் ஒன்றே ஒன்றைக் கேட்டாள். மார்கழித் திருவாதிரையன்று ஆடல்வல்லானின் திருமுன் நிற்கவேண்டும். மணமாகிக் கோலாலம்பூர்ச் செந்தூலிலிருந்து கிள்ளானுக்கு வந்த ஆண்டு முதல் அவள் தவறவிடாத தரிசனம் அது.

தீபாவளிக்கு முன் ஒய்.பி. வருவதாகச் செய்தி வந்தது. வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரிசியும் எண்ணெயும் அடங்கிய பொட்டலங்கள் கொடுப்பாராம். மூன்றாம் மாடியில் இருக்கும் லோரி ஓட்டுநர் கூட்டம் கூட்டினார். கோலாலம்பூர் வீதிகளில் பேரணி நடந்த காலத்தில் இரயிலேறிப் போய் முழக்கமிட்டவர் அவர். அன்றைய சட்டையை இன்னும் வைத்திருக்கிறார்.

“சத்தமே போடவேணாம். காடிக் கதவத் தொறந்து அவரு இறங்குனதும் எல்லாரும் முதுகக் காட்டி நிக்கணும். அட்டையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, அப்படியே செல மாதிரி. மத்தத மீடியா பாத்துக்கும்லா!” என்றார்.

எல்லாரும் ஒப்புக்கொண்டோம். பதாகைகள் எழுதப்பட்டன. ஒரு கட்டடமே ஒன்றாக முதுகு திருப்பும் காட்சியை எண்ணி, எனக்கும் உள்ளூரப் பெருமிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் வருகிறார் என்றால், வாயிலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு ஆகியவற்றை வைப்பது நம் பெண்களின் வழக்கம். அதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. அன்றும் யாரும் சொல்லவில்லை. வைக்கவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. தோசைக்கடைப் பெண் ஒரு கையில் ‘ஏமாந்தது போதும்’ என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒய்.பி.மேல் பன்னீர் தெளித்தார். லோரி ஓட்டுநரோ, கார் வளைவில் திரும்பும்போதே பூக்கடைக்கு ஓடியிருந்தார். மூச்சிரைக்கத் திரும்பி, அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பருத்த மாலை ஒன்றை ஒய்.பி.யின் கழுத்தில் போட்டார்.

“என்ன தம்பி இது?” என்று ஓட்டுநரின் காதருகே கேட்டேன்.

“மால இல்லாம மொட்டையா எப்படிங்கய்யா நிக்கவைக்கறது? நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

அதற்குள் ஒலிபெருக்கி என் கையில் வந்தது. நிகழ்ச்சி என்றால் இறைவணக்கம். இறைவணக்கம் என்றால் நான். கட்டடத்தின் நெடுநாள் ஏற்பாடு. பாடினேன். பாட்டு முடிந்ததும் ஒய்.பி. கண்களைத் திறந்து, மக்களின் பாசத்திற்கு நன்றி கூறி, ஒவ்வொரு பொட்டலத்தையும் புகைப்படம் எடுக்கும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு கொடுத்தார். அன்று மாலையே அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் படங்கள் வந்தன. எங்கள் பதாகைகளும் தெளிவாகத் தெரிந்தன. மக்களின் பேரன்பில் நனைந்ததாக மேலே எழுதியிருந்தார். அவர் நனைந்தது பன்னீரில். பதாகைகளை அவர் வரவேற்பு வளைவுகளாக எண்ணிக்கொண்டாரோ, படிக்கவே இல்லையோ, அறியேன்.

படியேறி ஒன்பதாம் மாடிக்கு வந்தேன். கதவைத் திறந்த மனைவி, மேலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“எதிர்ப்புக்குப் போனீங்களா, நிச்சயதார்த்தத்துக்குப் போனீங்களா?”

நான் தண்ணீர் கேட்டேன்.

“பாட்டு நல்லா இருந்துச்சு. மாப்பிள்ளைக்குப் புடிச்சிருந்ததா?”

ஒய்.பி.யை இகழ்வது எளிது. அவர் தம் தொழிலைச் செய்தார். காப்பிக் கடையில் அவரைத் திருடன் என்பவனும், கார்க்கதவு திறந்ததும் கைகட்டி நிற்பவனும் ஒரே ஆள். நான் கண்ட போராட்டங்களிற் பல இவ்வாறே முடிந்தன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் பேரணி முடிந்து இலைபோட்டு உண்டவர்கள் ‘இனி இவர்களுக்கு வாழ்வில்லை’ என்று கைகழுவி எழுவதைக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு அதே மனிதர்கள், தாங்கள் அப்படிக் கைகழுவியவர்களின் கழுத்துக்கு மாலை தேடி அதே தெருவில் அலைவதையும் பார்த்திருக்கிறேன். கருவறையில் நிற்கும் இறைவன் நாள்முழுதும் நின்றாலும் ஒலிபெருக்கி கேட்பதில்லை. அவனுக்கு நாம் கொடுப்பது முழம் பூ. சில நிமிடம் நின்று பேசிப்போகும் இவர்களுக்கோ ஆளுயர மாலை. தரம் பிரித்தறியாத இந்தக் கைகளுக்கு எந்த அரசு வாய்த்தாலும் தகும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த எண்ணம் முழுதாக மாறவில்லை.

மார்கழி வந்தது. மின்தூக்கி அசையவில்லை. திருவாதிரைக்கு முந்தைய நாள் மனைவி லோரி ஓட்டுநரை மேலே வரவழைத்தாள்.

“தம்பி, நீங்கதானே கோயில்ல சாமி தூக்குறீங்க?”

“ஆமா ஆன்டி. முன்பக்கம் வலது தோள் நான்தான்.”

“நாளைக்கு என்னைத் தூக்கி எறக்கணும். முடியுமா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன்.

“எறக்கினா போதும். திரும்ப ஏத்த வேணாம். லிஃப்ட் ஓடினா ஏறுவேன். ஓடலன்னா கீழேயே இருந்துக்கறேன்” என்றாள்.

நான் பதறினேன். எங்கே உறங்குவாள், யார் பார்த்துக்கொள்வார் என்றெல்லாம் கேட்டேன். தோசைக்கடையின் பின்னறையைக் கேட்டாயிற்று, அந்தப் பெண் ஒப்புக்கொண்டாயிற்று, மாற்றுப்புடவை கட்டி வைத்தாயிற்று என்று விடை வந்தது. ஐந்தாறு மாதம் மேலே சிறையிருந்தவள் அதற்குள் எல்லா ஏற்பாடும் செய்து முடித்திருந்தாள். அதுவரை எங்கள் கட்டடத்தில் நடந்த எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு வேலை நடந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் சாமி தூக்கும் நால்வர் வந்தனர். கைபிடி வைத்த பிரம்பு நாற்காலியை இரண்டு கழிகளுக்கு நடுவே வைத்துக் கட்டினர். படியிறங்கும்போது பல்லக்குச் சாயாதிருக்க ஒரு முறை உண்டு. முன்னால் செல்வோர் கழியைத் தலைக்குமேல் உயர்த்தவேண்டும். பின்னால் வருவோர் முழங்கால் அளவுக்குத் தாழ்த்திப் பிடிக்கவேண்டும். திருப்பத்தில் முன்னவர் நின்றுகொள்ள, பின்னவர் மட்டும் சுற்றவேண்டும். உலாத் திருமேனியை இறக்கும் அதே ஒழுங்கில் அவளை இறக்கினார்கள்.

“பின்னாடி தாழ்த்து, தாழ்த்து... நில்லு. இப்பத் திரும்பு!”

“சாமின்னா ஆட்டி ஆட்டித் தூக்குவீங்களே, இப்ப என்ன இவ்வளவு மெதுவு?” என்று நாற்காலியிலிருந்து குரல்.

“சாமி திட்டாது ஆன்டி. நீங்க திட்டுவீங்க.”

ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. எட்டாம் மாடியில் இருக்கும் மலாய்ப் பாட்டி, நாங்கள் மக்சிக் என்று அழைப்பவர், காய்கறிப் பையுடன் படியில் ஒதுங்கி நின்று, பிறகு எங்களோடு இறங்கத் தொடங்கினார். கீழே வந்தபோது ஒரு சிறு ஊர்வலமாகியிருந்தோம்.

கோயிலில் என் மனைவி நெடுநேரம் நின்றாள். திருநீராட்டு முடிந்து திரை விலகியபோது நான் பாடத் தொடங்கினேன். பாடி முடியும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. களிப் பிரசாதத்தை இலையில் வாங்கிக்கொண்டு, “போகலாம்” என்றாள்.

கட்டடத்திற்குத் திரும்பியதும் செயலற்ற மின்தூக்கியின் கதவுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போடச் சொன்னாள். அமர்ந்தாள். மக்சிக் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் அமர்ந்து கீரை ஆயத் தொடங்கினார். முழக்கம் இல்லை, பதாகை இல்லை. கேட்பவர்களிடம் மனைவி சொன்னது ஒன்றே: “லிஃப்டுக்குக் காத்திருக்கேன்.” யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். செராசில் இருக்கும் உறவினர், பந்திங்கில் இருக்கும் உறவினர் எல்லாரும் என்னை அழைத்து விசாரித்தார்கள். நண்பகலுக்குப் பின் ஒய்.பி. வருவதாகத் தகவல் வந்தது.

தோசைக்கடைப் பெண் மேசையை இழுக்கப் போனார்.

“எங்கே போற?” என்றாள் மனைவி.

“சந்தனக் கிண்ணம்...”

“உன் வீட்டுக்கு வர்றவங்களுக்கு வை. இவரு படம் எடுக்க வர்றாரு. உக்காரு.” பிறகு லோரி ஓட்டுநரிடம் திரும்பி, “நீங்களும்தான் தம்பி. பூக்கடைப் பக்கம் கால் போச்சுன்னா பாத்துக்குங்க” என்றாள்.

கார் வந்தது. பூ அச்சிட்ட பாத்திக் சட்டையில் ஒய்.பி. இறங்கினார், பின்னே கைப்பேசியை உயர்த்திப் பிடித்த உதவியாளர். வணங்கிய கைகளுடன் நாலடி நடந்தவர், கூட்டத்தின் முன் வந்ததும் நின்று கழுத்தை முன்னே தாழ்த்தினார். அது தானாக நடந்தது, பல்லாண்டுப் பழக்கம். மாலை எதுவும் வரவில்லை. கழுத்து சிறிது நேரம் அப்படியே இருந்தது. பின்னர் ஏதோ தரையில் தேடியவர்போல அதை நிமிர்த்திக்கொண்டார். முதுகைத் திருப்பி நிற்கத் திட்டமிட்ட நாங்கள், முகம் பார்த்து நின்றே அதைச் செய்துமுடித்தோம்.

அவர் தேர்ந்தவர். உடனே என் மனைவியிடம் சென்று, “அம்மா, ஆசீர்வாதம் பண்ணுங்க” என்று காலைத் தொடக் குனிந்தார். உதவியாளர் கைப்பேசியுடன் பக்கவாட்டில் நகர்ந்தார். அவள் இரு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

“வலிக்கிற காலுங்க. தொடாதீங்க.”

“அம்மாவுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. நான் உங்க புள்ள மாதிரி.”

“புள்ளையா? நல்லதாப் போச்சு. என்னை மேல தூக்கிட்டுப் போங்க. ஒம்பதாவது மாடி.” சுவரில் சாத்தியிருந்த கழிகளைக் காட்டினாள். “முன்னாடி புடிக்கிறீங்களா, பின்னாடியா?”

ஒய்.பி. சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“எனக்கு முதுகு வலி இருக்கும்மா. டாக்டர் பாரம் தூக்கக்கூடாதுன்னாரு.”

“எனக்கு முழங்காலு. பாருங்க, நம்ம ரெண்டு பேருக்குமே லிஃப்ட் வேணும்.”

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. கைப்பேசி கீழிறங்கியது. மானியம் மேலிடத்தில் இருக்கிறது, நடைமுறை இருக்கிறது, முந்தைய நிர்வாகத்தின் குற்றம் என்றெல்லாம் அவர் சொல்லத் தொடங்க, மக்சிக் கீரையிலிருந்து தலைநிமிராமல் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: “இன்று வருமா, வராதா?” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார். கார் சென்றது.

என் மனைவி மேலே ஏறவில்லை. தோசைக்கடையின் பின்னறையில் தங்கினாள்; பகலெல்லாம் மின்தூக்கியின் முன் அமர்ந்தாள். நான் மேலே சமைத்துக் கீழே கொண்டுவந்தேன். என் சமையலைப் பற்றி அவள் சொன்னவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. மற்ற மாடிகளின் முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக நாற்காலியுடன் வந்து சேர்ந்தார்கள். பொங்கலுக்கு ஒய்.பி. அலுவலகம் கரும்புக் கட்டு அனுப்பியது. வாங்க ஆளில்லாமல் அது வந்த வண்டியிலேயே திரும்பியது. பக்கத்துக் கட்டடங்களிலும் மாலை மரியாதை நின்றுபோனதாகக் கேள்விப்பட்டோம்.

எதிரணிக்காரர் ஒருவர் வந்தார். எங்கள் வழக்கம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது போலும். மாலையைத் தாமே வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அதைத் தம் ஆளிடமே கொடுத்துத் தமக்கே போடச் செய்து, மாலையுடன் எங்களை நோக்கி நடந்தார். தன் கழுத்துக்குத் தானே மாலை சுமந்து வரும் மனிதனை அன்றுதான் முதன்முறை பார்த்தேன். ஆட்சியின் இரக்கமின்மையைப் பற்றி உருகிப் பேசினார்.

மனைவி பொறுமையாகக் கேட்டாள். “முடிஞ்சுதா? நீங்க ஜெயிச்சு இருந்தப்பதான் முதல் லிஃப்ட் நின்னுச்சு. பூ வாடுறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க.”

தை மாதத்தில் ஒருநாள் காலை, எந்த அறிவிப்பும் இல்லாமல் மூன்று பணியாளர்கள் கருவிப் பெட்டிகளுடன் வந்து கதவைத் திறந்தார்கள். யார் அனுப்பினார்கள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பல நாட்கள் வேலை நடந்தது. ஒரு மின்தூக்கி ஓடத் தொடங்கியது. மறுநாளே வேலியில் இரண்டு பதாகைகள் தோன்றின. மின்தூக்கியைத் தந்த தலைவருக்கு நன்றி என்று ஒன்று; போராடி வென்ற தலைவருக்கு நன்றி என்று மற்றொன்று. இரண்டிலும் மக்களின் பெயரில் நன்றி கூறப்பட்டிருந்தது. மக்களாகிய எங்களை யாரும் கேட்கவில்லை. லோரி ஓட்டுநர் பிய்த்தெறியப் போனார்.

“விடுங்க தம்பி, மழைக்குத் தானா நனைஞ்சு போகும்” என்றாள் மனைவி.

அவள் உடனே ஏறவில்லை. மக்சிக்கையும் அவருடைய பைகளையும் முதலில் அனுப்பினாள். அடுத்து, நாற்காலியுடன் காத்திருந்த முதியவர்களை. கடைசியாக நானும் அவளும். ஏறும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எண்கள் மாறுவதையே பார்த்திருந்தாள். ஒன்பதில் கதவு திறந்தது. வீட்டுக்குள் சென்று, நான் அடுக்களையில் ஆக்கி வைத்திருந்த அலங்கோலத்தைக் கண்டு நின்றாள். விளக்கேற்றினாள்.

“நாளைக்குப் பிரதோஷம். சீக்கிரம் கிளம்பணும்” என்றாள்.

மறுநாள் நாங்கள் கிளம்பினோம். பொத்தானை அழுத்தினேன், மின்தூக்கி வந்தது. இந்நாட்டில் ஒரு முதியவள் கோயிலுக்குப் போவதற்கு இத்தனை வேண்டியிருந்தது. அதைத் தந்ததாக இன்றும் இருவர் மேடையில் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களை நினைக்கையில் எனக்குச் சினம் வருவதில்லை. சினம் கொள்ளவும் ஓரளவு மதிப்பு வேண்டும்.

இதனைப் படிப்போர் எல்லாரும் நலமே வாழ்க. உங்கள் இல்லத்து முதியோர் விரும்பியபோது இறங்கி, விரும்பியபோது ஏறுக. உங்கள் கைகள் தகுதியறிந்து குவிக. உங்கள் முழங்கால்கள் ஆண்டவன் முன்னன்றி வேறெங்கும் மடங்காதிருக்க. அம்பலவாணன் அருள் உங்களுக்கு என்றும் துணை நிற்க.